'ரைட்ஸ் ரிட்டென்ஷன்': தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

ஆய்விதழில் கட்டுரை வெளியாகும்போது அதன் உரிமையை எழுதியவரே வைத்துக்கொள்வதுதான் 'ரைட்ஸ் ரிட்டென்ஷன்'. அதற்கு 'ஆசிரியர் உரிமைத் தக்கவைப்பு' என்று நண்பர் ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். அதில் 'தக்கவைப்பு' எனக்குச் சம்மதம். 'ஆசிரியர்' வேண்டாம். 'ஆசிரியர் உரிமை' என்றதும் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் கோரிக்கை என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆய்விதழில் இதழாசிரியர் வேறு இருக்கிறார். உரிமை யாருக்கு என்பதே கேள்வியாக உள்ள இடத்தில் இந்தக் குழப்பம் கூடாது. 'கட்டுரையாளர்' என்றால் தெளிவு.

எனக்குப் பெரிய உறுத்தல், 'காப்பிரைட்' என்பதற்கு வழங்கும் 'பதிப்புரிமை'தான். கேட்டவுடன் அது பதிப்பாளரின் சொத்து என்று தோன்றிவிடுகிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். அவர் எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். ஆனால் கட்டுரை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில், உரிமையை மாற்றித்தரச் சொல்லி இதழ் அனுப்பும் படிவத்தைப் படிக்காமலே கட்டுரையாளர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்புறம் சொந்தக் கட்டுரையைத் துறையின் தளத்தில் ஏற்றவும் அனுமதி கேட்டு நிற்கிறார்கள். இது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம்.

பழகிப்போன 'பதிப்புரிமை'யை இனி மாற்ற முடியாது. சரி, அதைச் சுற்றியுள்ள சொற்களையாவது கூர்மையாக்குவோம். அந்தப் படிவத்துக்கு 'உரிமை மாற்றம்' என்பது மழுப்பல். நிலத்தை 'எழுதிக்கொடுத்துவிட்டார்' என்கிறோமே, அதுபோல 'உரிமை எழுதிக்கொடுத்தல்' என்றால் கையெழுத்திடுபவருக்கு உறைக்கும்.

'லைசென்ஸ்' என்பதற்கு 'உரிமம்' நிலைத்துவிட்டது. உரிமை, உரிமம் இரண்டும் காதில் ஒன்றுபோல ஒலித்தாலும், உரிமை என்பது உடைமை, உரிமம் என்பது பயன்படுத்த அனுமதி. இந்த வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. 2008இல் ஹார்வர்டு கலை, அறிவியல் புலத்தார் எடுத்த முடிவும் இதுதான்: உரிமை எழுதியவரிடமே இருக்கட்டும், பல்கலைக்கழகத்துக்குத் தனியுரிமையற்ற உரிமம், அதாவது பிறருக்கும் தரக்கூடிய அனுமதி, போதும். ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்க வழிசெய்ய, ஆய்வுக்கு நிதி தரும் அமைப்புகள் 2018இல் அறிவித்த 'பிளான் எஸ்' திட்டத்தின் உரிமைத் தக்கவைப்பு வழிமுறை 2020இல் வந்தது. அதன்படி, கட்டுரையை அனுப்பும்போதே, ஏற்கப்படும் கைப்படிக்கு (இதழ் அச்சுக்கு வடிவமைக்கும் முன் உள்ள பிரதிக்கு), எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உண்டு என்று கட்டுரையாளர் அறிவித்துவிடுகிறார். திறந்த அணுக்கத்துக்கு, அதாவது கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி இதழில் வெளியிட, தனிக் கட்டணம் கட்ட வழியில்லாதவருக்கு இது பெரிய துணை.

ஆகவே என் பரிந்துரை 'கட்டுரையாளர் உரிமைத் தக்கவைப்பு'. விளக்கம்: கட்டுரையாளர் தம் உரிமையை எழுதிக்கொடுக்காமல், வெளியிடுவதற்கான உரிமத்தை மட்டும் இதழுக்கு வழங்குதல். நீளம் என்று தோன்றினால், இரண்டாம் முறை வரும்போது 'உரிமைத் தக்கவைப்பு' போதும்.

'எழுதிக்கொடுத்தல்' கலைச்சொல்லுக்குப் பேச்சுவழக்காக இருக்கிறது என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். 'ஒப்படைப்பு' மட்டும் வேண்டாம். கட்டுரையை இதழுக்கு அனுப்புவதையே அப்படித்தான் பலர் சொல்கிறார்கள்.