ஐசன்ஹோவர் கோப்பை: கணக்கில் வராத மூன்றாவது ஸ்கோர் எதற்கு?

கேள்வி: ஒன்பதாங்குழி

உலக அமெச்சூர் அணிகள் மோதும் கோல்ஃப் போட்டிகளின் முடிவுகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆண்களுக்கான ஐசன்ஹோவர் கோப்பையிலும் பெண்களுக்கான எஸ்பிரிட்டோ சான்டோ கோப்பையிலும் ஓர் அணிக்கு மூன்று பேர் ஆடுகிறார்கள். நான்கு நாள்களில் நாளொன்றுக்கு 18 குழிகள் வீதம் 72 குழிகள். அன்றன்று மூவரில் சிறப்பாக, அதாவது குறைந்த அடிகளில், ஆடிய இருவரின் ஸ்கோர் மட்டுமே அணியின் கணக்கில் சேர்கிறது. கணக்கு எனக்குப் புரிகிறது, அதன் நியாயம்தான் புரியவில்லை.

ஒவ்வொருவரும் தம் பந்தைத் தாமே அடித்து, தம் ஸ்கோரைத் தாமே சேர்க்கும்போது, இறுதியில் இரண்டு எண்களைக் கூட்டிவிட்டு மூன்றாவதைத் தூக்கி எறிவதை எப்படி அணி ஆட்டம் என்று சொல்வது? வாக்கர் கோப்பையில் இருப்பதுபோல் மேட்ச் பிளே முறையில் ஒருவரோடு ஒருவரை நேருக்கு நேர் மோத விட்டிருந்தால் அணி உணர்வு கூடுதலாக இருந்திருக்கும் அல்லவா? மேலும், ஒரே ஓர் அசாத்தியமான ஆட்டக்காரர் இருந்தால் அந்த நாடு வென்றுவிடும் என்ற நிலை இந்த முறையில் ஏற்படாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: மணற்குழி

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. வாக்கர் கோப்பை 1922 முதல் இரண்டே தரப்புகளுக்கு இடையே நடப்பது: ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த அணி. இரண்டு தரப்புகள் என்றால் மேட்ச் பிளே பொருந்தும். பல பத்து நாடுகள் ஒரே வாரத்தில், அதுவும் ஓரிரு மைதானங்களில், ஒருவரையொருவர் எதிர்த்து ஆடி முடிக்க வேண்டும் என்றால் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே முறையைத் தவிர வேறு வழியில்லை. முதல் போட்டி 1958 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் நடந்தபோதே 29 நாடுகள் வந்துவிட்டன.

அப்போது அணிக்கு நான்கு பேர். அவர்களில் சிறந்த மூவரின் ஸ்கோர் சேர்க்கப்பட்டது. 2000 வரை இதே வழக்கம்தான். 2002-இல் மலேசியாவில் நடந்த போட்டியிலிருந்து அது மூவரில் இருவர் என்று சுருங்கியது. பெண்கள் போட்டி 1964-இல் பாரிஸுக்கு அருகே உள்ள செயின்ட் ஜெர்மெயினில் தொடங்கிய நாள் முதல் மூவரில் இருவர்தான்.

பழைய எண்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1958-இல் முதலிடத்தில் சமநிலையில் நின்ற ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் எடுத்த 918 என்பது பன்னிரண்டு சுற்றுகளின் கூட்டுத்தொகை. இன்றைய அணியின் மொத்தமோ எட்டுச் சுற்றுகளுக்கு உரியது. சராசரி பார்த்தால் அன்றைய ஒரு சுற்றுக்கு 76.5. உலகின் தலைசிறந்த அமெச்சூர்களை அந்தக் கடற்கரை மைதானம் என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு எண்ணே போதும்.

மறுமொழி: மூன்றாம் பட்

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். நீங்கள் தூக்கி எறியப்படுவதாகச் சொல்லும் ஸ்கோர்தான் இந்தப் போட்டியை அணிப் போட்டியாக ஆக்குகிறது என்பது என் கருத்து. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்.

முதல் அணியில் மூவரும் நான்கு நாளும் தவறாமல் 72 எடுக்கிறார்கள். நாளுக்கு 144 வீதம் அணியின் மொத்தம் 576. இரண்டாவது அணியின் முதல் ஆட்டக்காரர் 70, 78, 69, 72 என்று எடுக்கிறார். அடுத்தவர் 72, 71, 75, 70. மூன்றாமவர் 75, 72, 71, 80. அன்றன்று மோசமான ஸ்கோரை நீக்கினால் 142, 143, 140, 142 என்று வந்து மொத்தம் 567 ஆகிறது. மூவரின் எல்லாச் சுற்றுகளையும் கூட்டிப் பார்த்தால் முதல் அணி 864, இரண்டாவது அணி 875. அதாவது மொத்த ஆட்டத்தில் 11 அடிகள் பின்தங்கிய அணி, கோப்பைக்கான கணக்கில் 9 அடிகளில் வெல்கிறது.

இது எப்படி நடந்தது? இரண்டாவது அணியில் சறுக்கியவர் நாளுக்கு ஒருவராகவே இருந்தார், ஒருவர் சறுக்கிய நாளில் மற்ற இருவரும் தாங்கிப் பிடித்தார்கள். 78 எடுத்தவர் மறுநாள் 69 எடுக்கிறார். தனிநபர் போட்டியில் அந்த 78 அவருடைய வாரத்தையே முடித்திருக்கும். இங்கே அந்தச் சுற்றின் கெட்ட கணக்கு அன்று மாலையோடு தீர்ந்து, அவர் மீண்டும் முழு மதிப்புள்ள ஆட்டக்காரராகக் களமிறங்குகிறார். ஒருவருடைய கெட்ட நாளை மற்றவர்கள் விழுங்கிக்கொள்வதற்கு அணி என்பதைவிடப் பொருத்தமான பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரே நட்சத்திரம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு 2014-இல் ஜப்பானின் கருய்சாவாவில் நடந்ததையே பதிலாகச் சொல்லலாம். ஸ்பெயினின் ஜான் ராம் பாருக்கு (மைதானத்துக்கென வகுத்த அடிக்கணக்குக்கு) 23 அடிகள் குறைவாக, 263 எடுத்து, தனிநபர் பட்டியலில் முதலிடம் பெற்றார்; 1960-இல் அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ் எடுத்திருந்த 269 என்ற எண்ணிக்கையை அது கடந்தது. ஆனால் ஸ்பெயின் வந்தது மூன்றாவது இடத்துக்குத்தான். பிரைசன் டிஷாம்போ, போ ஹாஸ்லர், டென்னி மெக்கார்த்தி ஆகியோர் ஆடிய அமெரிக்கா கனடாவை இரண்டு அடிகளில் முந்திக் கோப்பையை எடுத்துச் சென்றது.

மறுமொழி: மணற்குழி

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் ஒருபக்கமானது. நிக்லாஸ் 269 எடுத்த அந்த 1960 போட்டியில் அமெரிக்கா 42 அடி வித்தியாசத்தில் வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடந்த இடம் அமெரிக்காவின் மெரியான் மைதானம். அதே மைதானத்தில் 1950 அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்ற பென் ஹோகனின் 72 குழி ஸ்கோர் 287. இரண்டு போட்டிகளிலும் மைதானம் ஒரே நிலையில் இருந்திருக்காது என்றாலும், இருபது வயதுக்காரர் ஒருவர் 18 அடிகள் குறைவாக ஆடியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நால்வரில் மூவர் என்ற பழைய முறையில் ஒருவரின் பங்கு அணியின் மொத்தத்தில் மூன்றில் ஒன்று. இன்றைய முறையில் அது பாதி. ஆகவே ஒற்றை நட்சத்திரத்தின் எடை இன்று கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. என் சொந்த விருப்பம் பழைய நான்கு பேர் முறைதான். மூவர் மட்டுமே உள்ள அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, தவறான ஸ்கோர் அட்டையில் கையெழுத்திட்டுத் தகுதி இழந்தாலோ, மற்ற இருவரின் ஒவ்வோர் அடியும் கட்டாயமாகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நீக்குவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அதே நேரத்தில், நான்கு தேர்ந்த அமெச்சூர்களைத் திரட்ட முடியாத நாடுகளுக்கு மூவர் முறை கதவைத் திறந்துவிட்டிருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. 2006-இல் நெதர்லாந்து, 2008-இல் ஸ்காட்லாந்து, 2010-இல் பிரான்ஸ், 2018-இல் டென்மார்க், 2022-இல் இத்தாலி என்று வென்றவர்களின் பட்டியல் விரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: கொடிக்கம்பம்

மேலே இருவரும் ஸ்கோர் அட்டையை வைத்துப் பேசினீர்கள். மைதானத்தில் நடப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

'மூன்றாம் பட்' காட்டிய கணக்கைப் பார்ப்பவர்கள், எப்படியும் ஒரு ஸ்கோர் கழியப்போகிறதே, துணிந்து அடித்துப் பார்க்கலாம் என்று ஆட்டக்காரர்கள் எண்ணுவார்கள் என்று நினைக்கக்கூடும். நடைமுறையில் அதற்கு இடம் குறைவு. ஓர் அணியின் மூவரும் ஒரே குழுவில் ஆடுவதில்லை; வேறு நாட்டவரோடு, வேறு வேறு நேரங்களில் புறப்படுகிறார்கள். முதலில் கிளம்பியவருக்குத் தம் ஸ்கோர் சேருமா கழியுமா என்பது தெரிய வாய்ப்பே இல்லை. பன்னிரண்டாவது குழியில் ஆறு அடிகள் பின்தங்கி நிற்பவரும், பின்னால் வரும் இருவரில் ஒருவர் தண்ணீரில் இரண்டு பந்துகளைப் போட்டுவிட்டால் தம் 77 தேவைப்படலாம் என்ற எண்ணத்தில்தான் குழியை நோக்கி உருட்டும் ஒவ்வொரு 'பட்' அடிக்கும் குனிந்து பார்க்கிறார். அந்த ஆறு குழிகளை ஆடுவது தனிநபர் போட்டியில் யாருக்கும் வாய்க்காத வகை அவஸ்தை. தமக்கென்று எந்தப் பயனும் இல்லை, அணிக்கும் பயன்படுமா என்று தெரியவில்லை. இருந்தும் ஓர் அடியைக்கூட வீணாக்கக் கூடாது.

கேப்டனின் வேலை அங்கேதான் வருகிறது. கோல்ஃப் விதிகளில் 24-ஆம் விதி அணிப் போட்டிகளைப் பற்றியது. ஸ்ட்ரோக் பிளேயில் ஒருவர் தம் பையைச் சுமந்து உடன்வரும் உதவியாளரிடம் (கேடி) யோசனை கேட்கலாமே தவிர, களத்தில் ஆடிக்கொண்டிருக்கும் அணித் தோழரிடம் பொதுவாகக் கேட்கக் கூடாது. ஆனால் போட்டிக் குழு தனி விதி ஒன்றைக் கொண்டுவந்து, அணிக்கு ஒருவரை ஆலோசகராக நியமிக்க அனுமதிக்கலாம். ஆடாத கேப்டன் ஒருவர் எந்தப் பக்கம் காற்று திரும்பியிருக்கிறது, எந்தக் குழியில் எச்சரிக்கை தேவை என்று பின்னால் வருபவருக்குச் சொல்ல முடிந்தால், முன்னால் போனவரின் அனுபவம் அணியின் சொத்தாகிறது. 1958-இல் அமெரிக்க அணியின் ஆடாத கேப்டன், புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் என்பதை நினைத்துப் பாருங்கள். நடக்கவே சிரமப்பட்ட உடல்நிலையில் அவர் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்திருந்தார். அந்தப் பயணத்தில்தான் நகரம் அவருக்குச் சிறப்புக் குடிமகன் என்ற பெருமையை அளித்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே.

இன்னொன்றும் இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு மே மாதத்தில் இந்தப் போட்டியைத் தொடங்குவதற்காக வாஷிங்டனில் கூடிய நாடுகளின் பிரதிநிதிகளை வரவேற்ற அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர், தேர்ந்த நால்வரை மட்டும் அழைத்துப் போகாமல், அதிக ஹேண்டிகேப் (திறனுக்கேற்பத் தரும் சலுகை அடிகள்) உள்ள சாதாரண ஆட்டக்காரர்களையும் கூட்டிச் சென்று ஆட விடுங்கள் என்று வேடிக்கையாகச் சொன்னாராம். அவர்கள் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு, அணி அலுவலர்களுக்கென்று தனிக் கோப்பை ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

ஒன்பதாங்குழி

அனைவருக்கும் நன்றி. கழிக்கப்படும் ஸ்கோர் யாருடையது என்று கடைசிவரை தெரியாது என்ற கோணத்தை நான் யோசித்ததே இல்லை. ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. 1958-இல் இரண்டு அணிகளும் 918-இல் சமநிலையில் இருந்ததாக மேலே சொல்லப்பட்டது. அப்படி நேர்ந்தால் வெற்றியைத் தீர்மானிப்பது எப்படி?

மறுமொழி: மூன்றாம் பட்

1958-இல் மறுபடியும் ஆடித்தான் தீர்த்தார்கள். இரு அணிகளின் நால்வரும் இன்னொரு 18 குழிகளை முழுமையாக ஆடினார்கள். அதிலும் சிறந்த மூவரின் ஸ்கோரே சேர்ந்தது. ஆஸ்திரேலியா 222, அமெரிக்கா 224. புரூஸ் டெவ்லின், பீட்டர் டூகுட், பாப் ஸ்டீவன்ஸ், டக் பாக்லி ஆகிய நால்வரும் முதல் கோப்பையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த அணி 919 எடுத்திருந்ததால், ஒரே அடியில் அந்தக் கூடுதல் சுற்றை ஆடும் வாய்ப்பை இழந்து வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது.

இத்தனை அணிகள் வந்து செல்லும் போட்டியில் இன்று ஒரு நாளை நீட்டிப்பது எளிதல்ல. 2012-இல் துருக்கியின் அன்டால்யாவில் வானிலை கெட்டபோது, ஆட்டத்தை நீட்டிக்காமல் 54 குழிகளோடு முடித்து அமெரிக்காவை வெற்றியாளராக அறிவித்தார்கள். சமநிலைக்கும் மறு ஆட்டம் இல்லாத வழி ஒன்று உண்டு, அது உங்கள் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறது. 2022-இல் பிரான்ஸில் நடந்த எஸ்பிரிட்டோ சான்டோ கோப்பையில் ஸ்வீடனும் அமெரிக்காவும் ஒரே மொத்தத்தில் முடித்தன. அப்போது இரு அணிகளிலும் கடைசிச் சுற்றில் கணக்கில் சேராமல் நீக்கப்பட்ட ஸ்கோர்களை எடுத்து ஒப்பிட்டார்கள். அதில் குறைவான அடிகள் எடுத்திருந்த ஸ்வீடனுக்குக் கோப்பை போனது. இங்ரிட் லிண்ட்பிளாட், மேயா ஓர்டென்கிரென், லூயிஸ் ரீட்க்விஸ்ட் ஆகிய மூவரில் அன்று மூன்றாவதாக வந்தவர் கடைசிக் குழிகளை அலட்சியமாக ஆடியிருந்தால் முடிவு மாறியிருக்கும்.