கினி பிக் மூத்திரத்தில் ரத்தம், மருந்து நிறுத்தியதும் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?

வெல்லக்கட்டி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பொம்மி பெண், நான்கு வயது முடியப்போகிறது. போன மாதம் அவள் விரிப்பில் இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மூத்திரம் போகும்போது முதுகைக் கூன் மாதிரி தூக்கிக்கொண்டு கீச்சென்று கத்தினாள். டாக்டரிடம் கொண்டுபோனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூத்திரப்பையில் கிருமித் தொற்று என்று சொல்லி என்ரோஃப்ளாக்சசினும், வலிக்கு மெலாக்சிகாமும் வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார். மருந்து கொடுத்த நாளெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள், ஓடி விளையாடினாள், சாப்பிட்டாள். நிறுத்திக் கொஞ்ச நாளில் அதே கீச்சல், அதே சிவப்புத் திட்டு. அடிக்கடி போகிறாள், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் வருகிறது.

அதே மருந்தை இன்னொரு சுற்று கொடுத்தால் போதுமா? வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் இருக்கிறது, அதுவும் தொற்றுக்குத்தானே, ஒரு சொட்டு கொடுத்துப் பார் என்று வீட்டில் சொல்கிறார்கள். கிரான்பெர்ரி ஜூஸ் கொடுக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். அப்புறம், மூத்திரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி படிகிறது, இதுவும் நோயா? அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புல்வெளி:

மற்றதை அப்புறம் பேசலாம். அமாக்சிசிலின் கொடுக்காதீர்கள், ஒரு சொட்டுகூட வேண்டாம். பென்சிலின் வகை எதையும் கினி பிக்குக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி நஞ்சு சுரக்கும். வயிற்றுப்போக்கு, அப்புறம் சில நாட்களில் மரணம். ஆம்பிசிலின், செஃபலெக்சின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாம் அதே பட்டியல்தான். குழந்தைக்குப் பாதுகாப்பானது என்பது இங்கே எந்த விதத்திலும் உதவாது. உங்கள் டாக்டர் கொடுத்த என்ரோஃப்ளாக்சசின் சரியான தேர்வு. டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபா கலவையும் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். அந்த சிரப் பாட்டிலை வீட்டில் யார் கைக்கும் எட்டாமல் வையுங்கள்.

நிழல்மரம்:

வெல்லக்கட்டி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எக்ஸ்ரே எடுத்தார்களா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து கொடுக்கும்போது சரியாகி, நிறுத்தியதும் அப்படியே திரும்பி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூத்திரப்பைக் கல்லைத்தான். கல் உள்ளே உரசிப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும், அந்தப் புண்ணில் கிருமி தொற்றும், ஆன்டிபயாட்டிக் கிருமியைக் குறைக்கும், மெலாக்சிகாம் வலியையும் வீக்கத்தையும் அடக்கும், பார்ப்பவர்களுக்குக் குணமான மாதிரி இருக்கும். மருந்து தீர்ந்ததும் கல் அங்கேயேதான் இருக்கிறது. இன்னொரு சுற்று, அதற்கப்புறம் இன்னொரு சுற்று என்று மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் எக்ஸ்ரேயில் பெரிய கல்லைப் பார்த்தவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த விலங்கு பட்ட வலியை நினைத்தால் மனசு கனக்கிறது.

கினி பிக்கின் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட். அதனால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இதில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. நல்லது, கண்டுபிடிப்பது எளிது. கெட்டது, நாய் பூனைக்குச் சில வகைக் கற்களை உணவு மாற்றிக் கரைக்கிற மாதிரி இதைக் கரைக்க வழியில்லை. கிரான்பெர்ரி ஜூஸ் கதையும் இதனால்தான் எடுபடாது. புல் தின்னும் இந்த உயிரின் மூத்திரம் இயல்பாகவே காரத்தன்மை கொண்டது, பி.எச். 8, 9 என்று இருக்கும். ஜூஸ் கொடுத்து அதை அமிலமாக்க முடியாது, அதிலுள்ள சர்க்கரை குடலைக் கெடுப்பதுதான் மிச்சம்.

வெள்ளைப் பொடி பற்றிக் கேட்டீர்கள். நம் உடம்பு தேவையான அளவுக்குத்தான் உணவிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கினி பிக்கின் குடல் வந்ததில் பெரும்பகுதியை உள்ளே எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளும். அதனால் மூத்திரம் கொஞ்சம் கலங்கலாக இருப்பதும், காய்ந்தால் மென்மையான வெள்ளைப் படிவு தெரிவதும் இயல்பு. விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் கவலையில்லை. மணல் மாதிரி நறநறவென்று இருந்தாலோ, பசை மாதிரி கெட்டியாக வந்தாலோ கால்சியம் அளவுக்கு மீறிச் சேர்கிறது என்று அர்த்தம்.

சிவப்பு நிறத்தையும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். சில கீரைகளின் நிறமிகளாலும் மூத்திரம் ஆரஞ்சாகவோ துருப்பிடித்த சிவப்பாகவோ வரும், பீட்ரூட்டாலும் வரும். உங்கள் பொம்மி கத்துகிறாள் என்பதால் இது அந்த மாதிரி தெரியவில்லை, இருந்தாலும் டாக்டர் ஒரு பரிசோதனைக் குச்சியை நனைத்துப் பார்த்தால் ரத்தமா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் பெண் என்பதால் இன்னொன்று. ரத்தம் மூத்திரப்பையிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. வயதான பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டியும் கருப்பையில் கோளாறும் ரொம்ப சகஜம், அந்த ரத்தம் விரிப்பில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எக்ஸ்ரேயில் கல் இல்லையென்றால் வயிற்று ஸ்கேன் கேளுங்கள். மூத்திரத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியும். முடிந்தால் அடுத்த ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும்.

ஒரு விஷயம் இன்றைக்கே செய்யுங்கள்: எடை பாருங்கள். சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள்.

வெல்லக்கட்டி:

நிழல்மரம், புல்வெளி, ரொம்ப நன்றி. வேறு ஒரு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தோம். கல்தான். மூத்திரப்பைக்குள் ஒன்று, மிளகு அளவு இருக்கும். சிறுநீரகத்தில் எதுவும் இல்லை என்றார். அறுவை செய்து எடுக்கலாம் என்கிறார், மயக்கத்தில் ஆபத்து இருக்கிறது என்றும் சொன்னார். எடுக்காமல் தண்ணீர் அதிகம் கொடுத்துப் பார்க்க முடியாதா? எனக்குக் கையெழுத்துப் போடவே பயமாக இருக்கிறது. வீட்டில் ஆண் ஒருவனும் தனிக் கூண்டில் இருக்கிறான், அவனுக்கும் வருமா?

மருந்துப்பெட்டி:

நான் சிறு விலங்குகள் பார்க்கும் ஒரு கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மிகச் சின்னக் கல் என்றால், பெண்ணாக இருந்தால், தானாக வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு. பெண்ணின் மூத்திரக்குழாய் நீளம் குறைவு, கொஞ்சம் விரிந்தும் கொடுக்கும். வெளி வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்ற கல்லை லேசான மயக்கத்தில் டாக்டர் இடுக்கியால் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மிளகு அளவு என்கிறீர்கள், அது பைக்குள்ளேயே இருக்கிறது, ரத்தமும் வருகிறது. தண்ணீர் கொடுப்பதால் அந்தக் கல் சிறிதாகாது. வலியோடு அவளை வைத்திருப்பதா, எடுப்பதா என்பதுதான் கேள்வி, என் மனசுக்கு எடுப்பதே சரி என்று படுகிறது. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு எடை குறையாமல் இருக்கும்போது செய்தால் தாங்கும் சக்தி இருக்கும். சாப்பாட்டை நிறுத்தி, உடம்பு வற்றிய பிறகு மேசையில் ஏற்றுவதுதான் பெரிய ஆபத்து.

கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்த அறுவையை இதற்கு முன் கினி பிக்குக்குச் செய்திருக்கிறாரா? அறுவையன்று காலையில் கல் இன்னும் பைக்குள்தான் இருக்கிறதா என்று மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுப்பாரா? (நகர்ந்து குழாய்க்கு வந்திருக்கலாம், அப்படியென்றால் வயிற்றையே திறக்க வேண்டாம்.) மயக்கத்தில் உடம்புச் சூடு குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்? வலி மருந்து எத்தனை நாள்? பட்டினி விஷயமும் முக்கியம். நாய் பூனைக்குச் சொல்வது மாதிரி முந்தின இரவிலிருந்தே எதுவும் கொடுக்காதே என்று யாராவது சொன்னால் திரும்பக் கேளுங்கள். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, குடல் ஓட்டம் நின்றுபோனால் அதுவே உயிருக்கு ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். தானாகத் தின்னத் தொடங்கும் வரை ஊசியில்லாத சிரிஞ்சில் கையால் ஊட்ட வேண்டும். தாவர உண்ணிகளுக்கென்று விற்கும் நார்ச்சத்துப் பொடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அவள் வழக்கமாகத் தின்னும் பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீனி) வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி ஆறவிட்டுக் கொடுக்கலாம். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 80 மி.லி. என்று கணக்கு வைப்பார்கள், நாலைந்து வேளையாகப் பிரித்து. மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள், புரையேறும். உட்கார்ந்த நிலையில், முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மென்று விழுங்க நேரம் கொடுத்து ஊட்டுங்கள். அறுவைக்குப் பின் சில நாள் மூத்திரத்தில் லேசாக ரத்தம் தெரியும், பதறாதீர்கள். புழுக்கை வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருங்கள்.

ஆண் பற்றி: ஆணுக்கும் வரும். ஆணின் குழாய் நீளம், குறுகல், கல் அதில் சிக்கினால் மூத்திரம் அடியோடு அடைத்துக்கொள்ளும். முக்குகிறான், ஒரு சொட்டும் வரவில்லை, வயிறு இறுகிக் கிடக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே கிளம்புங்கள்.

புல்வெளி:

உணவு பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் கல் என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் பச்சைக் காய்கறியை மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். அது தப்பு. ஈரமான இலைகளும் காய்களும்தான் இவர்களுக்குத் தண்ணீர் போகும் முக்கியமான வழி. மூத்திரம் நீர்த்து அடிக்கடி போனால்தான் படிவு தங்காமல் அடித்துச் செல்லப்படும். இலைகளைக் கழுவி ஈரத்தோடே வையுங்கள். பாட்டிலோடு ஒரு கனமான கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள், சிலர் கிண்ணத்தில்தான் நிறையக் குடிப்பார்கள்.

குறைக்க வேண்டியது கால்சியம் நிறைந்தவற்றை. முதல் குற்றவாளி அல்ஃபால்ஃபா, அதாவது குதிரைமசால். திமோத்தி போன்ற புல்லில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கால்சியம் அதில் உண்டு. வளரும் குட்டிக்கும் சினையாக இருப்பவளுக்கும் சரி, நான்கு வயதுக்காரிக்கு வேண்டாம். பெல்லட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், பலவற்றில் முதல் பொருளே அல்ஃபால்ஃபாதான். திமோத்தியை அடிப்படையாகக் கொண்டதற்கு மாறி, அதையும் தினம் ஒரு மேசைக்கரண்டி அளவோடு நிறுத்துங்கள். பார்ஸ்லி, கேல், பசலை எப்போதாவது போதும். குடைமிளகாய், வெள்ளரி, லெட்யூஸ் தாராளமாக. மற்ற நேரமெல்லாம் காய்ந்த புல், எவ்வளவு வேண்டுமானாலும்.

ஆனால் கால்சியமே இல்லாத உணவைத் தேடி அலையாதீர்கள், பல்லுக்கும் எலும்புக்கும் அது வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்தும் கல் திரும்ப வருகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பு வாகும் இதில் ஒரு காரணம், அதனால் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். வைட்டமின் சி மறக்காதீர்கள், இவர்கள் உடம்பு அதைத் தானாகத் தயாரிக்காது. கிலோவுக்கு 10 முதல் 30 மி.கி. தினமும் வேண்டும். தண்ணீரில் கலக்கினால் சீக்கிரம் வீரியம் போய்விடும், குடைமிளகாயாகவோ நேராக வாயிலோ கொடுங்கள்.

கூண்டில் ஓட இடம் கொடுங்கள். குண்டாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் படிவு பைக்குள்ளேயே தங்கும். விரிப்பு நனைந்ததும் மாற்றுங்கள், பெண்ணுக்கு மூத்திர வாய் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் அழுக்கிலிருந்து கிருமி ஏறுவது எளிது.

வெல்லக்கட்டி:

அறுவைக்கு ஒப்புக்கொண்டுவிட்டோம், வியாழக்கிழமை. மருந்துப்பெட்டி சொன்ன கேள்விகள் எல்லாவற்றையும் கேட்டேன், அன்று காலை மறுபடி எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் தொடங்குவாராம், காலை வரை புல் வைக்கலாம் என்றார். பெல்லட்டை மாற்றிவிட்டேன், பழையதில் முதல் பொருள் அல்ஃபால்ஃபாவேதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாவிட்டால் கத்துகிறார்கள், கிளினிக்குக்குப் போகும்போது அவனையும் பக்கத்தில் வேறு பெட்டியில் கொண்டுபோகலாமா?

மருந்துப்பெட்டி:

தாராளமாக. பழகிய வாசனை பக்கத்தில் இருந்தால் பயம் குறையும், மயக்கம் தெளிந்ததும் சீக்கிரம் தின்னவும் தொடங்குவாள். பெட்டிகளைத் தனித்தனியாகவே வையுங்கள், தையல் ஆறும்வரை ஒன்றாக விடாதீர்கள். எடுத்த கல்லைத் தூக்கிப் போட்டுவிடாமல் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள், கல்ச்சருக்கும் சேர்த்து. போகும்போது அவள் தினமும் தின்னும் புல்லை ஒரு பையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.