கலைச்சொல்: விமான நிலைய 'இமிகிரேஷன்' சோதனைக்குத் தமிழில் என்ன?

> நாளிதழ்களில் 'குடியுரிமைச் சோதனை' என்றே எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, வணக்கம். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மீனம்பாக்கத்தில் முத்திரை குத்தும் அலுவலர் யாருடைய குடியுரிமையையும் முடிவு செய்வதில்லை. வந்திருப்பவர் யார், விசா செல்லுமா, தேடப்படும் ஆளா என்று பார்க்கிறார். நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையான வேலை அது. ஆனால் குடியுரிமை அங்கே கொடுக்கப்படுவதும் இல்லை, பறிக்கப்படுவதும் இல்லை.

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். இங்கே டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்குக் குடியுரிமை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1948-இல் இலங்கை கொண்டுவந்த சட்டம் அங்கே தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரின் கதி 1974 வரை இழுத்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்கள் பலர். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது.

1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி அதே கடலைக் கடந்து வந்தவர்களையும் அரசு விசாரித்தது, பதிவு செய்தது. ஆனாலும் அவர்களில் இங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர் இன்றும் குடியுரிமை இல்லாமல் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். சோதனை முடிந்து நாற்பது வருடம் ஆகியும் கிடைக்காத ஒன்றின் பெயரை அந்தச் சோதனைக்கே வைப்பது சரியில்லை.

அப்புறம், 'குடிவரவு'. இலங்கையில் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் என்று அழகாகவே வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாட்டில் வாழப் போவதைப் பற்றிய சட்டத்துக்கும் கொள்கைக்கும் அது பொருந்தும். ஆனால் பத்து நாள் ஊட்டி பார்க்க வருபவர் குடி வரவில்லை. துபாய்க்கு வேலைக்குப் போகும் நம்மூர்ப் பையனும் அதே வரிசையில்தான் நிற்கிறான்.

என் பரிந்துரை: 'கடவுச் சோதனை'. கடவுச்சீட்டு ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல். அதைக் காட்டிக் கடக்கும் இடம் கடவுச் சாவடி. வருபவர், போகிறவர் இருவருக்கும் பொருந்தும்.

---

தம்பி, நான் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். சொல் நன்றாக இருக்கிறது. ஒரு தடை. எங்கள் பக்கம் மலையாளம் புழங்குவதால் 'கடவு' என்றால் தோணித்துறை நினைவுக்கு வரும். அது பரவாயில்லை, அதுவும் கடக்கும் இடம்தான். நாடுகாணி, கக்கநல்லா மாநில எல்லைச் சாவடிகளில் வண்டியை நிறுத்தி, நீலகிரிக்குள் வர இ-பாஸ் கேட்கிறார்களே, அவற்றையும் கடவுச் சாவடி என்று எழுதிவிட்டால்?

---

எழுதக்கூடாது ஐயா, இதை விளக்கத்திலேயே சேர்த்துவிடலாம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்றம் சொல்லி நடப்பது வண்டிக் கணக்கு, மலை தாங்குமா என்ற கேள்வி. இந்தியக் குடிமகன் நாட்டுக்குள் எங்கும் போய்வர அரசமைப்பின் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆகவே மாநில எல்லையில் இருப்பது வெறும் சோதனைச் சாவடி, அங்கே காட்டுவது நுழைவுச்சீட்டு. நாட்டு எல்லைக்கு மட்டும் 'கடவு'.

இதே காரணத்தால், ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வருபவர்களைக் 'குடியேறிகள்' என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். அவர்கள் புலம்பெயர் தொழிலாளர்கள். 'ஊடுருவல்' என்ற சொல்லை எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். காவல்துறைக் குறிப்பில் ஒரு சொல் மாறினால் தேயிலை பறிக்க வந்தவர் சந்தேக நபராகிவிடுகிறார்.

மறுப்பு இல்லையென்றால் 'கடவுச் சோதனை', 'கடவுச் சாவடி', 'கடவு அலுவலர்' மூன்றையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பாஸ்போர்ட் வழங்குபவர் 'கடவுச்சீட்டு அலுவலர்' என்றே இருக்கட்டும்.