பிஎம்டபிள்யூ எம்3 எஸ்எம்ஜியை மேனுவல் ஆக்குவது: அதே கியர் பெட்டியா, இல்லையா?

மூன்றாம்கியர்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "இ46 தலைமுறை எம்3-யில் எஸ்எம்ஜியைத் தூக்கிவிட்டு மேனுவல் ஆக்குவது சனி, ஞாயிறு வேலை. உள்ளே இருப்பது அதே பெட்டிதானே." படித்ததும் டீ புரையேறிவிட்டது. எஸ்எம்ஜியில் கிளட்ச் பெடலே கிடையாது, கிளட்சையும் கியரையும் ஹைட்ராலிக் பம்ப்தான் இயக்கும். மேனுவல் ஆக்க என்னவெல்லாம் வேண்டும்? கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், கியர் லீவர், கடைசியில் இது இனி மேனுவல் கார் என்று டிஎம்இ-யில், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரில், கோடிங். இதையெல்லாம் யார் செய்வது, உங்கள் மாமனாரா?

எட்டாயிரம்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அதே பெட்டிதான். கெட்ராக் கம்பெனியின் 6 கியர். பல் விகிதம் பாருங்கள்: முதல் கியர் 4.23, ஆறாவது 0.83, டிஃபரன்ஷியல் 3.62. எஸ்எம்ஜி, மேனுவல் இரண்டு காரிலும் இதே எண்கள். வேறு பெட்டி என்றால் ஒரு பல்லாவது மாறியிருக்க வேண்டாமா?

மூன்றாம்கியர்:
பல்லை எண்ணச் சொல்லவில்லை ஐயா. கியரைத் தள்ளுவது ஹைட்ராலிக். அதைக் கழற்றினால் அந்த இடத்தில் லீவருக்கு என்ன இருக்கிறது? காற்றுதான். பிறகு எப்படி அதே பெட்டி?

எட்டாயிரம்:
வீட்டில் கதவை மாற்றினால் வீடே வேறா? 4.23. 0.83. 3.62. அதே பெட்டி.

தார்ச்சாலை:
நடுவில் ஒன்று. இதை "ஆட்டோமேட்டிக்" என்பதே தப்பு. ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் இதில் கிடையாது, சாதாரண கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் பம்ப். முதலில் எதை "அதே" என்கிறோம் என்று பேசிக்கொண்டால்...

எட்டாயிரம்:
பார்த்தீர்களா, தார்ச்சாலையும் அதே பெட்டி என்கிறார்.

தார்ச்சாலை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

பழையபிஸ்டன்:
மாற்றுவதே பாவம். 2003-இன் எடை குறைத்த எம்3, அந்த சிஎஸ்எல், எஸ்எம்ஜியோடு மட்டும்தான் வந்தது. கியர் மாற 0.08 விநாடி. உங்கள் இடது காலுக்கு அந்த வேகம் உண்டா?

மூன்றாம்கியர்:
அந்த 0.08, சறுக்காமல் பிடிக்கும் டிஎஸ்சியை அணைத்து, எஸ்எம்ஜியின் மிக வேகமான எஸ்6 மோடில் விரட்டும்போது. சிக்னலில் ஊர்ந்து பாருங்கள், தலையாட்டி பொம்மை மாதிரி முன்னும் பின்னும் ஆட்டும். என் நண்பர் காரில் பம்ப் போய், கியரே விழாமல் நடுரோட்டில் நின்றது. ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு "ரிலேதான் சார்" என்று இரண்டு முறை பணம் வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் மேனுவல் ஆக்கினார். 2 நாளில் இல்லை, 2 மாதம்.

எட்டாயிரம்:
2 மாதம் ஆனது உங்கள் நண்பரின் மெக்கானிக் லட்சணம். பெட்டியின் குற்றம் இல்லை. பெட்டி அதேதான்.

பழையபிஸ்டன்:
10டபிள்யூ-60 எஞ்சின் ஆயில் எதற்கு என்று போன வருஷம் சண்டை போட்டவர்தானே நீங்கள்? இந்த எம்3-யின் எஸ்54 எஞ்சினில் கனெக்டிங் ராட் பேரிங்குக்காக பிஎம்டபிள்யூவே கார்களைத் திரும்பக் கூப்பிட்டது. அப்போதும் "அதே எஞ்சின்தானே" என்றீர்கள்.

எட்டாயிரம்:
ஆயிலை இங்கே ஊற்றாதீர்கள். அந்தத் திரியில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பழையபிஸ்டன்:
ஓடவில்லை. மகளுக்குப் பரீட்சை.

மூன்றாம்கியர்:
சரி, நேராகவே கேட்கிறேன். அதே பெட்டி என்றால், நீங்கள் எத்தனை கார் மாற்றியிருக்கிறீர்கள்?

எட்டாயிரம்:
மாற்றித்தான் பேச வேண்டும் என்றால் இந்தத் தளத்தில் பாதிப் பேர் ஊமையாக வேண்டும்.

தார்ச்சாலை:
அதாவது, ஒன்றும் இல்லை.

எட்டாயிரம்:
முதல் கியர் என்ன? 4.23. மேனுவலில்? 4.23. இதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

மூன்றாம்கியர்:
சொல்லியாகிவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.

எட்டாயிரம்:
படித்தேன். அதே பெட்டிதான்.