காலைக் குளிரில் மட்டும் உயிர் வராத பென்டியம் 3: உதவி தேவை

நானுஓயா98:
வணக்கம் அண்ணாமார். கழித்துப்போட்ட பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பழைய டொஸ், விண்டோஸ் 98 கேம்கள் விளையாட ஒரு கொம்பியூட்டர் பூட்டியிருக்கிறேன். ஸ்லொட் 1 பென்டியம் 3 ப்ரோசசர் (500 மெகாஹேர்ட்ஸ்), 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்ட், வூடு3 ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்ட், பழைய ஐஎஸ்ஏ ஸ்லொட்டில் சவுண்ட் பிளாஸ்டர் 16 சவுண்ட் கார்ட். பவர் சப்ளையும் அந்தக் காலத்துதான்.

காலையில் பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றும், ஹார்ட் டிஸ்க் சத்தம் வரும், ஆனால் திரை கறுப்பு. பீப்கூட இல்லை. அப்படியே ஓடவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ரீசெட் அமுக்கினால், ஒன்றுமே நடக்காத மாதிரி விண்டோஸ் வந்து நிற்கும். பகலில் எத்தனை தடவை நிறுத்திப் போட்டாலும் பிரச்சினை இல்லை. இந்த ஜனவரிக் குளிரில்தான் மோசம். பயோஸ் பட்டரி புதிது. இன்னொன்று, 256 எம்பி மெமரி 128 என்றே காட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

பதுளைக்காரன்:
நம்ம பக்கத்து ஈரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது மெமரியும் ஏஜிபி கார்டும்தான். கழற்றி, செப்புப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள்.

நானுஓயா98:
அதெல்லாம் செய்தாயிற்று அண்ணா, ஸ்லொட்டையும் அல்கஹோல் போட்டுத் துடைத்தேன். மாற்றமில்லை.

ஈயக்கோல்:
தம்பி, பற்கள் கறுத்திருந்தால் பகலிலும் தகராறு பண்ணும். சூடேறியதும் சரியாவது, போர்டில் வோல்டேஜைச் சீராக வைக்கும் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) வற்றியதன் அடையாளம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோகும். அதோடு குளிரும் சேர்ந்தால் உள்தடை இன்னும் கூடும். அப்போது ப்ரோசசருக்குப் போகும் வோல்டேஜ் தளும்பும். கொஞ்ச நேரம் ஓடி உடம்பு சூடானதும் தடை குறைந்து வேலை செய்யும். தலை வீங்கவில்லை என்பதற்காக நல்லது என்று நம்ப வேண்டாம், வற்றினது வெளியே தெரியாது.

காசு செலவழிக்க முன்னர் இரண்டு சோதனை. காலையில் மெமரி முழுவதையும் கழற்றிவிட்டு ஓன் பண்ணுங்கள். நீட்டி நீட்டி பீப் அடித்தால் ப்ரோசசரும் பயோசும் ஓடுகின்றன, மெமரிப் பக்கம் தேடலாம். அப்போதும் ஊமையாக இருந்தால் கோளாறு அதற்கு முன்னாலேயே, அதாவது பவரில். அடுத்தது, பவர் சப்ளையை மட்டும் கழற்றி இரவு அடுப்படியில் வைத்துவிட்டு, போர்டைக் குளிரிலேயே விடுங்கள். மறுநாள் இரவு மாற்றிச் செய்யுங்கள். எதைச் சூடாக்கும்போது உயிர் வருகிறதோ, கோளாறு அதில்தான். குளிர்ந்த போர்டைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோனதும் கரண்ட் கொடுக்காதீர்கள், மேலே நீர்த்துளி படியும். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் உள்ளே 320க்கு மேல் டிசியாக நிற்கும், வயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

256 விஷயம் தனி. 440பிஎக்ஸுக்கு 128 மெகாபிட் சிப் வரைதான் புரியும். உங்கள் மெமரியில் எட்டு சிப்தான் இருக்கும், அதனால் பாதியைத்தான் காண்கிறது. பதினாறு சிப் உள்ள 256 தேடுங்கள். 512க்கு மேல் ஆசைப்பட வேண்டாம், விண்டோஸ் 98 அதற்கே முரண்டு பிடிக்கும்.

நானுஓயா98:
மெமரி இல்லாமல் போட்டேன், ஊமை. பவர் சப்ளை சூடாக இருந்தபோதும் திரை கறுப்புத்தான். போர்டை அடுப்படியில் வைத்த காலையில் அமுக்கியவுடனே வந்துவிட்டது! வெளிச்சம் பிடித்துப் பார்த்தால், ப்ரோசசர் ஸ்லொட்டுக்குப் பக்கத்துக் கெப்பாசிட்டர் வரிசையில் ஒன்றின் அடியில் மண்ணிறத்தில் மெல்லிய கோடு மாதிரி ஒன்று. மேலே 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபரட் என்று இருக்கிறது.

ஈயக்கோல்:
அதுதான். ஒன்றை மட்டும் மாற்றாமல் அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள், மற்றவையும் அதே வயதுதானே. ரேடியோவுக்குப் போடும் சாதாரண கெப்பாசிட்டர் இதற்கு உதவாது. 105 பாகை, குறைந்த உள்தடை என்று கேட்டு வாங்க வேண்டும். மைக்ரோஃபரட் அதேயளவு, வோல்ட் அதேயளவு அல்லது கூட. சுற்றளவையும் அளந்துகொண்டு போங்கள், தடித்தது வரிசையில் இறங்காது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பாருங்கள்.

கழற்ற முன்னர் போட்டோ எடுங்கள். போர்டில் நிழலடித்த பாதி மைனஸ் என்று எல்லோரும் சொல்வார்கள், தலைகீழாக அச்சடித்த போர்டும் உண்டு. பழைய கெப்பாசிட்டரின் உடம்பில் மைனஸ் பக்கத்தைக் காட்டும் கோட்டைத்தான் நம்ப வேண்டும். நிலக்கம்பி (கிரவுண்ட்) பக்கத்துக் கால் சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும், சின்ன சோல்டரிங் அயனுக்கு ஈயம் உருகாது. புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்குங்கள், இழுத்துப் பிடுங்கினால் துளைக்குள் இருக்கும் செப்பு கழன்று வந்துவிடும். பழக்கமில்லை என்றால் டிவி திருத்துகிறவரிடம் கொடுப்பதே நல்லது.

நானுஓயா98:
ஹட்டனில் டிவி திருத்தும் அண்ணா ஒருவர் மாற்றித் தந்தார். இன்று விடிய, வெளியே புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்க, முதல் அமுக்கிலேயே ஒரு பீப்! மிக்க நன்றி அண்ணா. விண்டோஸில் சத்தம் நன்றாக வருகிறது, டொஸ் கேமில் மட்டும் வரவில்லை.

பதுளைக்காரன்:
பயோஸில் ஐஆர்க்யூ 5ஐ (கார்ட் ப்ரோசசரைக் கூப்பிடும் வழி) ஐஎஸ்ஏவுக்கு ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் கேமின் செட்டப்பில் முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ (கார்ட் நேராக மெமரியோடு பேசும் வழி) 1, ஹை டிஎம்ஏ 5 என்று கொடுங்கள்.