புது கம்ப்யூட்டரில் நீலத்திரை, உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பாம்பனில் தங்கச்சி படிப்புக்காக நானே பாகங்கள் வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் பத்து நாளாக நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. பெரும்பாலும் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றே வருகிறது.

இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம் (தற்காலிக நினைவக அட்டை), 3200 வேகம். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, நிறுத்தினால் ஒருநாள் ஓடும், அப்புறம் மறுபடியும் அதே கதைதான். இரண்டு ராமையும் ஒரே ஸ்லாட்டில் (செருகும் இடம்) தனித்தனியாகப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டினேன். ஒன்றில் பிழையே இல்லை. மற்றதில் நான்காவது சுற்றில் இரண்டு சிவப்பு வரிகள். கழற்றிப் பார்த்தால் தங்கநிறப் பற்களில் ஒன்று ஓரத்தில் மங்கியிருக்கிறது. ஜன்னலுக்கு நேரே கடல். உப்புக்காற்றில் கதவுக் கொக்கியே சீக்கிரம் துருவேறிவிடும் வீடு.

சரி, ராம்தான் கெட்டது என்று நினைத்தேன். ஆனால் நல்ல ராமை மட்டும் வைத்திருந்தபோதும் நேற்று ஒருமுறை நீலத்திரை வந்துவிட்டது. மதர்போர்டு ஸ்லாட்டிலும் கோளாறு இருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது? ராமநாதபுரத்தில் நம்பிக்கையான கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். பாகங்களை மாற்றித் தரும் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது.