காதுக்குள்ள மூணு நாள் வண்டு: ரேடியோ செட் பக்கத்துல நின்னவங்க சொல்லுங்க

ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் பக்கத்திலிருந்து

போன ஆடி முளைப்பாரிக்கு ரேடியோ செட்காரர் பொட்டி அடுக்கின இடம் எங்க திண்ணைக்கு நேர் எதிரே. ஆளுயரத்துக்கு ரெண்டு அடுக்கு. கும்மி முடிஞ்சு, பாரியைக் கடல்ல கரைச்சிட்டு வந்து படுத்தா காதுக்குள்ள வண்டு குடையுது. அம்மா பேசுறது கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. மூணு நாள் அப்படியே. அப்புறமாத்தான் அடங்குச்சு.

காது டாக்டரம்மா பரிசோதிச்சிட்டு, “இந்தத் தடவை தப்பிச்சீங்க. உள்காதுல சத்தத்தை வாங்குற மயிரிழைச் செல் செத்தா மறுபடி முளைக்காது”ன்னாங்க. வருசாவருசம் பாரி முளைக்குது, இது முளைக்காதாம்.

கணக்கும் அவங்கதான் சொன்னாங்க. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதுக்கு மேல 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியா குறையும். மறுநாள் பொங்கலுக்குச் செட் ஓடுறப்போ திண்ணையில போனை வச்சு அளந்தேன். 103 காட்டுச்சு. போன் அளவு முன்னப்பின்ன இருக்கும், இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தா ஏழரை நிமிஷம்! நான் நின்னது ராத்திரி பூரா.

பஞ்சு வச்சுப் பார்த்தேன், மனசுக்குத்தான் ஆறுதல். மெடிக்கல்ல மஞ்சள் ஸ்பாஞ்சு இயர்பிளக் வாங்கினேன், அது வச்ச கையோட வெளிய வந்து விழுந்துச்சு. குத்தம் என்மேலதான். அதை அப்படியே திணிக்கக்கூடாது. திரி திரிக்கிற மாதிரி சுருக்கமில்லாம ஒல்லியா உருட்டணும். மறு கையைத் தலைக்கு மேல கொண்டு போய்க் காதை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு, உள்ள விட்டு, அது உப்புற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அமுக்கிக்கிடணும். சரியா உக்காந்துச்சான்னு பார்க்க ரெண்டு காதையும் உள்ளங்கையால பொத்துங்க. பொத்தினாலும் எடுத்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா சரி. மீன் வாடைக் கையோட மட்டும் உருட்டாதீங்க, காதுல சீழ் வச்சிரும்.

எத்தனை டெசிபல் குறைக்கும்னு பாக்கெட்ல போட்டிருக்கிற நம்பரை அப்படியே நம்பவும் வேணாம். 3எம் 1100ங்கிற ஸ்பாஞ்சு பிளக்ல 29னு இருக்கு. அதுல 7 கழிச்சு மீதியைப் பாதியாக்கினா 11 டெசிபல். நம்ம கை வாகுக்கு அவ்வளவு குறையும்னு வச்சுக்கிட்டா போதும்.

திருப்புல்லாணி பக்கத்திலிருந்து

எங்க வீட்டுல தவில். ஸ்பாஞ்சு எங்களுக்கு ஒத்து வராது அண்ணே. அது கீச்சுச் சத்தத்தை ரொம்பக் குறைச்சு, கனமான சத்தத்தைக் கொஞ்சமா குறைக்கும். நாயனம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும், தாளம் பிசகும். எங்க சித்தப்பா பாட்டுக்காரங்களுக்குன்னு விக்கிற ஃபில்டர் வச்ச சிலிக்கான் பிளக் வாங்கினார். சத்தம் மொத்தமா குறையுது, ஆனா சுருதி கலையலை. விலைதான் கூட. வேடிக்கை பார்க்கப் போறவங்களுக்கு ஸ்பாஞ்சே போதும்.

கீழக்கரையிலிருந்து

ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம கரையில சங்கு குளிக்கிறவங்க, பாசி எடுக்கப் போறவங்க யாரும் காதுல பிளக் வச்சுக்கிட்டு முங்காதீங்க. தண்ணி அழுத்தம் பிளக்கை உள்ள தள்ளும். பிளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவுல மாட்டின காத்தைச் சமன்படுத்த வழியில்லை, பறை கிழிஞ்சாலும் கிழிஞ்சிரும். எங்க வாப்பா அந்தக் காலத்துல சங்கு குளிச்சவங்க. மூக்கைப் பிடிச்சுக் காத்தை ஊதி ஊதித்தான் இறங்குவாங்க.

கந்தூரி வாணவேடிக்கைக்கு மூணு வயசுப் பேரனைக் கூட்டிட்டுப் போனப்போ பிளக் வைக்கலை. பிடுங்கி வாயில போட்டுக்கிடுவான். காதை மூடுற மஃப் மாட்டினோம், அதையும் கழட்டி எறிஞ்சான். கடைசியில தள்ளிப் போய் நின்னுதான் பார்த்தோம். அதுவும் ஒரு வழிதான், காசில்லாத வழி.

பாம்பனிலிருந்து

வள்ளத்து எஞ்சின் சத்தத்துக்கும் காதுல ஸ்பாஞ்சு வைக்கலாம். என்ன, கரையில இருந்து கூப்பிட்டா கேக்காது. கயிறு கோர்த்தது வாங்குங்க, ஒண்ணு கழண்டாலும் கடலுக்குப் போகாது.

மறுபடியும் மண்டபம்

இந்த ஆடிக்கும் அதே செட், அதே இடம். ராத்திரி 10 மணிக்கு நிறுத்தணும்னு சட்டம் இருக்கேப்பான்னு செட் போடுற தம்பிகிட்ட சொன்னேன். “என்னண்ணே?”ன்னான். திருப்பிச் சொன்னேன். மறுபடியும் “என்னண்ணே?” பொட்டி இன்னும் ஓடவே ஆரம்பிக்கலை. அவனுக்கு 24, 25 வயசுதான் இருக்கும். என்கிட்ட இருந்த புது ஜோடியை எடுத்துக் குடுத்தேன். உருட்டிப் பார்த்துச் சிரிச்சிட்டு, சட்டைப் பையில பீடிக்கட்டுப் பக்கத்துல போட்டுக்கிட்டு ஆம்ப்ளிஃபையரைப் போட்டான்.